நடுங்கும் கையும் நேர்படும் குறியும்

2024 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுக்களின் ஓர் அங்கமாகப் பிரான்சு தேசத்து ஷாத்தோரு நகரில் நடைபெற்ற துப்பாக்கி சுடும் போட்டியில், 51 வயதான துருக்கி வீரர் யூசுஃப் டிகேச், தம் நாட்டு வீராங்கனையுடன் இணைந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றபோது, அவர் சுடும் கோலத்தைக் காட்டிய புகைப்படம் ஒன்று உலகமெங்கும் பரவிற்று. கண்ணை மறைக்கும் தடுப்பு ஏதுமின்றி, இரண்டு விழிகளும் திறந்திருக்க, வலக்கை இலக்கை நோக்கி நீண்டிருக்க, இடக்கை கால்சட்டைப் பையினுள் அமைதியாகப் புதைந்திருந்த அந்தத் தோற்றத்தை ஜனங்கள் அலட்சியத்தின் அழகு என்று கொண்டாடினார்கள். அதே பிரிவில் நம் நாட்டு மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றனர் என்ற செய்தியில் மகிழ்ந்த நம்மவர்களும் அந்தப் படத்தைக் கண்டு வியந்தவர்களே. ஆனால் பையில் செருகிய அந்தக் கை அலட்சியத்தின் அடையாளமன்று. பிஸ்டல் சுடுவோரிடையே வெகுகாலமாக வழங்கிவரும் சாதாரணமான ஓர் ஏற்பாடு அது. தொங்கவிட்ட கை ஊசலாடும்; ஊசலாடும் கை உடலை அசைக்கும்; ஆகவே வேலையற்ற அந்தக் கையை இடுப்போடு சேர்த்து அடக்கிவிட வேண்டும் என்பதே அதன் காரணம். பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் அந்த நிலையில், பாதத்தின் திசை முதல் சுட்டுவிரலின் நுனி வரை, காரணமின்றி அமைந்தது ஒன்றுமில்லை.

அந்தக் காரணங்களை உணர வேண்டுமானால் இலக்கின் அளவை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், வட்டத்தின் கோட்டைக் குண்டின் விளிம்பு தொட்டாலே முழுப் புள்ளியும் கிடைத்துவிடும் என்பது விதியாகையால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். அதைக் கோணக் கணக்கில் சொன்னால், ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆயுதத்தை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எவ்வித ஆதாரமும் கொடுத்தலாகாது. பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படக் கூடாது. சுட்டுவிரல் அழுத்தும் விசை 500 கிராம் பாரத்தையேனும் தாங்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு, 75 நிமிஷங்களில் 60 முறை, நின்ற நிலையிலேயே சுட வேண்டும்.

இதைக் கேட்கும் ஆரம்ப சாதகருக்கு, சிலையைப்போல் அசையாமல் நிற்கப் பழகுவதே இந்தக் கலையின் ரகசியம் என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணமே அவரைப் பல மாதங்கள் வீணாக வருத்துகிறது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் உயிருள்ள சரீரம் அசையாமல் நிற்பது என்பது இயற்கையில் இல்லாத காரியம். நிற்கும் மனிதன், கணுக்காலை அச்சாகக் கொண்டு, ஓயாமல் சாய்ந்தும் அச்சாய்வை ஓயாமல் திருத்திக்கொண்டும் இருக்கிறான்; நாம் நின்றுகொண்டிருப்பதாகக் கருதும் நேரமெல்லாம் உண்மையில் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறோம். அதன்மேல் சுவாசத்தின் ஏற்ற இறக்கமும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் உடல் முழுவதற்கும் அனுப்பும் நுண்ணிய உதைப்பும் வந்து சேருகின்றன. இவை எல்லாவற்றினும் விரைவானது கையின் நடுக்கம்: ஆரோக்கியமான எவருடைய நீட்டிய கையும் விநாடிக்கு 8 முதல் 12 முறை வரை கண்ணுக்குப் புலப்படாத அளவில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. தசையின் நார்கள் யாவும் ஏககாலத்தில் இழுப்பதில்லை. சிறு சிறு கூட்டங்களாக மாறிமாறி இழுத்துத்தான் ஒரு பாரத்தைத் தாங்குகின்றன. அந்த மாறுதலின் சலசலப்பு நடுக்கத்துக்கு ஒரு முக்கியமான காரணம்.

பாரமோ, நாம் நினைப்பதைவிட மிகவும் அதிகம். ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டல் தோளிலிருந்து 65 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள கையின் எடை மையம் தோளிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் தாங்கும் தோள் தசையின் இழுவிசையோ மூட்டின் அச்சிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்தில்தான் செல்கிறது. நெம்புகோல் விதிப்படி கணக்கிட்டால், நான்கு கிலோவை ஏந்துவதற்காக அந்தத் தசை ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. களைப்பு மிக மிக நடுக்கமும் மிகுகிறது. மனக்கலக்கமும் அவ்வாறே நடுக்கத்தைப் பெருக்குகிறது. அதனாலேயே, இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் பீட்டா தடுப்பான் மருந்துகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்ற வட கொரிய வீரர் கிம் ஜோங்-சு, அத்தகைய மருந்தான ப்ரோப்ரனோலால் அவர் உடலில் கண்டறியப்பட்டதால் இரண்டு பதக்கங்களையும் இழந்தார்.

அசைவை அறவே ஒழிக்க முடியாதென்றால், உலகத்தின் சிறந்த வீரர்கள் எவ்வாறு பத்துக்கு மேல் பத்தாக அடுக்குகிறார்கள்? அசைவுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதே இதற்கு விடை. பிஸ்டல் பழகுவோர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய சாஸ்திரமும் இதுதான்.

பிஸ்டலின் பின்புறத்தில் ஒரு பள்ளமும் முன்புறத்தில் ஒரு சிறு மேடும் உள்ளன. முன்னதைப் பின்குறி என்றும் பின்னதை முன்குறி என்றும் கொள்வோம். மேட்டின் தலை பள்ளத்தின் விளிம்புகளோடு சமமட்டமாய் நிற்க, அதன் இருபுறமும் ஒரே அகலமுள்ள வெளிச்சக் கீற்றுத் தெரியும்போது குறிகள் நேர்பட்டுவிட்டன என்கிறோம். இவ்வாறு நேர்பட்ட இணை, கை அசைவினால் இலக்கின் மீது அங்குமிங்கும் அலைகிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கில் அது 5 மில்லிமீட்டர் விலகித் தோன்றும் தருணத்தில் குண்டு புறப்பட்டால், 5 மில்லிமீட்டர்தான் விலகும். அப்போதும் பத்துப் புள்ளி கிடைக்கும். இதை அலைவுப் பிழை எனலாம். இதற்கு மாறாக, இலக்கின்மேல் எல்லாம் செம்மையாகத் தோன்ற, முன்குறி மட்டும் பள்ளத்தினுள் ஒரு பக்கமாகச் சற்றே ஒதுங்கியிருந்தால் நிகழ்வது வேறு. இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். இலக்கோ 10 மீட்டருக்கு அப்பால். கீல் அருகே விரற்கடை அளவு நகரும் கதவு வெளி விளிம்பில் முழக்கணக்கில் வீசுவதைப் போல, முன்குறியின் சிறு விலகல் இலக்கைச் சேரும்போது ஏறக்குறைய 30 மடங்காகப் பெருகிவிடுகிறது. கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால் பத்தின் எல்லையை நெருங்கிவிடுவோம். ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் இலக்கிலுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்துக்கே குண்டு போய்விடும். இது கோணப் பிழை.

இவ்விரண்டு பிழைகளும் பிறக்கும் இடங்களும் வேறு. முதலாவது பெரும்பாலும் பாதம், இடுப்பு, தோள் ஆகியவற்றின் மெதுவான ஆட்டத்திலிருந்து வருகிறது. இரண்டாவது மணிக்கட்டிலும் விரல்களிலும் பிறக்கிறது. ஆரம்ப சாதகர் தமக்குக் கண்கூடாகத் தெரியும் முதல் அசைவைக் கண்டு மிரண்டு, அதை நிறுத்துவதற்காக விரல்களை இறுக்கி, தாம் காணாத இரண்டாம் பிழையைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். கறுப்பு வட்டத்தின் மீது குறி மிதந்து திரிவதைப் பொறுமையோடு அனுமதிப்பவருடைய குண்டுகள், அதைப் பிடித்து நிறுத்தப் போராடுபவருடைய குண்டுகளைவிட நெருங்கி விழுகின்றன என்பதைப் பயிற்சி தருவோர் யாவரும் அறிவர்.

கண்ணின் கடமையும் இதிலிருந்தே தெளிவாகிறது. மனிதக் கண், அருகிலுள்ள ஒன்றையும் தூரத்திலுள்ள ஒன்றையும் ஒரே நேரத்தில் துலக்கமாகக் காண வல்லதன்று. நீட்டிய கையின் முனையில் உள்ள முன்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் கால் மில்லிமீட்டர் என்பது, சாதாரணப் பார்வையின் கூர்மை எட்டக்கூடிய எல்லையை ஒட்டிய அளவு. ஆகையால் பார்வை முழுவதையும் முன்குறியில் ஊன்றினாலன்றி அந்த நுண்ணிய ஒதுக்கம் தெரியவே தெரியாது. இலக்கு மங்கிய ஒரு கறும்புள்ளியாகத் தோன்றினால் போதும். குறிகளை அந்தக் கறுப்பின் நடுவில் வைக்காமல், அதற்குக் கீழே சிறிது வெண்மை தெரியும்படி வைத்துக்கொள்வதும் இதன் பொருட்டே. கறுப்பின்மேல் கறுப்பு வைத்தால் மேட்டின் தலை எங்கே முடிகிறது என்பது விளங்காமற் போய்விடும். அடிக்க விரும்பும் பொருளை உற்றுப் பார்க்கும் சுபாவம் நம் இரத்தத்தில் ஊறியது. அந்தச் சுபாவத்தை வெல்வதுதான் ஆரம்ப நாட்களின் மிகக் கடினமான அப்பியாசம்.

இனி நிற்கும் முறைக்கு வருவோம். பாதங்கள் தோள் அகலத்துக்குப் பிரிந்திருக்க, உடலின் எடை இரண்டிலும் சமமாகப் பரவியிருக்க, முழங்கால்கள் நேராகவும் அதே சமயம் விறைக்காமலும் இருக்க வேண்டும். வலக்கையால் சுடுபவர் வலத்தோளை இலக்கை நோக்கித் திருப்பிப் பக்கவாட்டாக நிற்கிறார். எவ்வளவு திரும்புவது என்பதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. நம் உடல் முன்பின்னாகவே, அதாவது விரல் நுனியிலிருந்து குதிகாலை நோக்கிய திசையிலேயே, எளிதில் ஆடுகிறது. முழுவதும் பக்கவாட்டாக நின்றால் அந்த முன்பின் ஆட்டம் இலக்கின்மேல் இடவலமாகத் தெரிகிறது. இலக்குக்கு நேர்முகமாக நின்றாலோ அந்த ஆட்டம் சுடும் திசையிலேயே நிகழ்ந்து அதிகத் தீங்கு செய்யாது. ஆனால் முன்னே நீட்டிய கையின் பாரம் உடலை விரல் நுனியை நோக்கி இழுத்து, அந்தத் திசையில் அகலமில்லாத பாதங்களின் மேல் அதைத் தடுமாறச் செய்யும். பக்கவாட்டாக நிற்பவர் இடுப்புக்கு மேற்பட்ட உடலை இலக்கிலிருந்து சற்றே பின்னுக்குச் சாய்த்து, உடலின் எடையையே கையின் பாரத்துக்கு எதிர்ப்பாரமாக்கிக் கொள்ளலாம். ஆயினும் அளவுக்கு மீறித் திரும்பினால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடையே அவரவர் எலும்புக் கட்டுக்கு இசைந்த ஒரு கோணத்தை அனுபவத்தால்தான் கண்டறிய வேண்டும். தலை மட்டும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சமநிலையை உணர்த்தும் உறுப்பு உட்காதில் இருப்பதால், தலையைச் சாய்ப்பவர் தம் சமநிலையைத் தாமே குலைத்துக்கொள்கிறார்.

நின்றுவிட்ட பின், நிலை சரிதானா என்று சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கண்களை மூடிக்கொண்டு, குண்டு இடாத பிஸ்டலை உயர்த்தி, இரண்டொரு முறை சுவாசித்து, கை தானாக எங்கே அமைகிறதோ அங்கே விட்டுவிட்டுக் கண்களைத் திறந்து பார்க்க வேண்டும். குறி இலக்குக்கு வலப்புறமாகவோ இடப்புறமாகவோ இருக்குமானால், கையை நகர்த்திச் சரிசெய்தல் பெரும் பிழை. பின்பாதத்தைச் சிறிது நகர்த்தி உடல் முழுவதையும் திருப்ப வேண்டும். கையை இழுத்துப் பிடித்துச் சுடுபவர் ஒவ்வொரு முறையும் தம் தசையோடு மல்லாட நேரும். மனம் சற்றே அயர்ந்த கணத்தில் கை தன் இயல்பான இடத்துக்கு ஓடிவிடும். முழங்கை பூட்டப்பட்டுத் தோள் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதும் அதே நியாயத்தால்தான்: எலும்பும் தசைநாணும் களைப்பதில்லை, தசை களைக்கிறது.

பிடியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கோணப் பிழையின் கருவறை அதுவே. பிஸ்டலைக் கை தானாகப் போய் எடுப்பது கூடாது. மற்றொரு கையால் அதைக் கொண்டுவந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவு பிடியின் பின்புறத்தில் எவ்வளவு உயரத்தில் பொருந்துமோ அவ்வளவு உயரத்தில் பொருத்த வேண்டும். குழல் முன்கையின் நேர்கோட்டிலேயே நீண்டு செல்ல வேண்டும். அழுத்தம் பெரும்பாலும் நடுவிரலாலும் மோதிரவிரலாலும் நேர் பின்னோக்கி, உள்ளங்கையை நோக்கிச் செல்ல வேண்டும். பெருவிரல் தன் இடத்தில் சும்மா கிடக்க வேண்டும். சிறுவிரல் இறுக்கினால் குழலின் முனை கீழே சாயும். சுட்டுவிரல் பிடிக்கும் தொழிலில் சிறிதும் பங்கு கொள்ளக் கூடாது. அது மரத்தைத் தொடாமல் தனித்து நிற்க வேண்டும். ஆயுதம் இலக்கை நோக்கி உயரும்வரை விசையின் வளையத்துக்கு வெளியிலேயே இருக்க வேண்டும். பின்னது திறமைக்கு மட்டுமன்றி உயிர்ப் பாதுகாப்புக்கும் உரிய விதியாதலால், அதில் எந்நாளும் விலக்கு இல்லை.

எவ்வளவு இறுக்குவது என்று புதியவர்கள் கேட்பார்கள். நன்றாக இறுக்கிக் கை நடுங்கத் தொடங்கும் அளவை முதலில் அறிந்து, அதிலிருந்து நடுக்கம் நிற்கும்வரை தளர்த்திப் பெறும் அளவே பொதுவாகச் சொல்லத்தக்கது. ஆனால் அளவைவிட முக்கியமானது, அது ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருப்பதும், விசை அழுந்தும்போது மாறாதிருப்பதும். ஒரு விரல் மடங்கும்போது மற்ற விரல்களும் கூடவே மடங்க விழைவது கையின் பிறவி வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்து, நான்கு விரல்கள் உறைந்திருக்க ஒன்று மட்டும் இயங்கக் கற்பது நரம்பு மண்டலம் முழுவதும் புதிதாகப் பயிலும் பாடம்.

அந்தப் பாடம் கையில் எழுதப்படுவதைவிட மூளையில்தான் ஆழமாக எழுதப்படுகிறது என்பதற்கு, ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் காரோலி தகாச்சின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. வலக்கையால் சுட்டுத் தேர்ச்சி பெற்றிருந்த அவருடைய அந்தக் கையை, 1938 ஆம் ஆண்டு இராணுவப் பயிற்சியின்போது வெடித்த கையெறிகுண்டு சிதைத்துவிட்டது. அவர் யாருக்கும் அறிவிக்காமல் இடக்கையால் பழகினார். மறு ஆண்டே தம் நாட்டுச் சாம்பியன் பட்டத்தை வென்றார். போரினால் இரண்டு ஒலிம்பிக் விழாக்கள் நடவாமற் போயின. 1948 இல் லண்டனில், தமது 38 ஆவது வயதில், 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் பிரிவில் தங்கம் வென்ற அவர், 1952 இல் ஹெல்சிங்கியில் அதே தங்கத்தை மீண்டும் பெற்றார். புதிய கையின் தசைகளை அவர் முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. குறிகளை நேர்படுத்தும் விவேகத்தையும், விசையை அழுத்தும் பொறுமையையும் அவர் இழந்திருக்கவில்லை.

அந்தப் பொறுமைக்கும் ஒரு பௌதிகக் காரணம் உண்டு. குறி மையத்தைக் கடக்கும் கணத்தைப் பார்த்து, அதோ என்று விரலுக்குக் கட்டளையிடுபவர், பார்வை மூளையை எட்டி, கட்டளை விரலை எட்டி, விரல் இயங்குவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார். விநாடிக்குப் பத்து முறை நடுங்கும் கை அதற்குள் இரண்டு முறை போய்வந்துவிடுமே! தருணத்தைப் பிடிக்க முயல்வது ஆகாத செயல். அன்றியும், ஒரு கிலோ எடையுள்ள பொருளின்மேல் அரைக் கிலோ அளவுள்ள அழுத்தத்தைத் திடீரென்று, சற்றே கோணலாகச் செலுத்தினால், அப்பொருள் திரும்பத்தானே செய்யும்? ஆகவே மூச்சை உள்ளிழுத்துக் கையை உயர்த்தி, பாதி மூச்சை விட்டவாறு குறியை இலக்குக்குக் கீழே இறக்கி, அங்கே சுவாசத்தை நிறுத்திக்கொண்டு, சுட்டுவிரலின் முதற்கணுவால் விசையை நேர் பின்னோக்கிச் சீராக அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஏழெட்டு விநாடிகளுக்குள் குண்டு புறப்படாவிட்டால் கையைத் தாழ்த்திவிட வேண்டும். அதற்கு மேல் பிராணவாயு குறைந்து பார்வை மங்கும், நடுக்கம் மிகும். தாழ்த்தத் துணிவதைச் சிலர் தோல்வியென்று எண்ணுகிறார்கள். சிறந்த வீரர்கள் போட்டியின் நடுவிலும் தயக்கமின்றித் தாழ்த்துவதை நாம் காண்கிறோம்.

குண்டு புறப்பட்டதாகக் காது சொன்ன பின்னும் காரியம் முடிந்துவிடவில்லை. விசை விடுபட்டது முதல் குண்டு குழலைக் கடந்து வெளியேறும்வரை விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் செல்கிறது. அந்த இடைவெளியில் கை தளர்ந்தாலும் குண்டு அதற்கேற்ப விலகும். ஆகையால் ஓசைக்குப் பின்னும் ஓரிரு விநாடிகள் குறிகளைப் பார்த்தவாறே நிற்பது வழக்கம்.

இரு கைகளாலும் பிடித்துச் சுடும் முறைகளைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரீஃப் அலுவலகத்தில் பணியாற்றிய ஜாக் வீவர் 1950களின் இறுதியில் உருவாக்கிய நிலையில் சுடும் கை முன்னே தள்ள, துணைக்கை பின்னே இழுக்க, அந்த எதிரெதிர் விசைகளால் ஆயுதம் கட்டுண்டு நிற்கிறது. மற்றொரு முறையில் இரு கைகளும் நேராக நீண்டு மார்போடு ஒரு முக்கோணமாக அமைகின்றன. வெடிமருந்தின் பலத்த பின்னுதைப்பை அடக்கி, அடுத்தடுத்து விரைவாகச் சுடுவதற்காக ஏற்பட்டவை அவை. ஏர் பிஸ்டலில் பின்னுதைப்பு மிகமிகச் சொற்பம்.

புதிதாகப் பழகுவோர் முதல் சில வாரங்கள் குண்டே இல்லாமல், ஆயுதம் காலியாக இருப்பதை ஒருமுறைக்கு இருமுறை சோதித்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி விசையை அழுத்திப் பழகுவதைப்போல் பயன் தருவது வேறில்லை. சுவரில் இலக்கு இல்லையாதலால் கண்ணுக்கு ஓடிப்போக இடமில்லை. விசை விடுபடும் கணத்தில் முன்குறி துள்ளுகிறதா, தாழ்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். பிறகு குண்டிட்டுச் சுடத் தொடங்கும்போதும் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்காமல், பத்துக் குண்டுகள் விழுந்த இடங்களின் உருவத்தைப் படிக்க வேண்டும். துளைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் சுவாசத்தையும் பிடியின் அழுத்த மாறுபாட்டையும், இடவலமாகப் பரந்திருந்தால் பாதங்களின் அமைப்பையும் சுட்டுவிரலின் திசையையும் முதலில் ஆராய வேண்டும். அவை எல்லாம் நெருங்கி விழுந்து, ஆனால் மையத்தைவிட்டு எட்டி ஓர் ஓரத்தில் கூடியிருந்தால் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவருவது பின்குறியிலுள்ள ஒரு சிறு திருகின் வேலை.